மூடி, கொக்கி, தாழ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கையடக்க மின்னணுக் கருவிகளின் மேலோட்டை மூடி வைத்திருக்கும் கொக்கி, தாழ், காந்தம், பசை ஆகியவை குறித்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் தெளிவாக எழுதப்பட்ட கடிதம் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

கேள்வி: எங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பேட்டரி மூடியில் இருக்கும் கொக்கி அடியோடு முறிந்துவிட்டது. இதற்கு முன்பு வைத்திருந்த ரிமோட்டிலும் இதே இடத்தில்தான் முறிந்தது. இப்போது ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறோம். வீட்டில் எல்லாரும் பிள்ளைகளைத்தான் திட்டுகிறார்கள். தவறு பயன்படுத்துபவர்மீதா, செய்தவர்மீதா? ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா?
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

பதில்: பிள்ளைகளைத் திட்டுவதை முதலில் நிறுத்திவிடலாம். அந்தக் கொக்கி எத்தனை காலம் உழைக்கும் என்பது, அதன் நீளத்தையும் தடிமனையும் ஒருவர் வரைபடத்தில் குறித்த நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிட்டது.

மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு விளிம்பில் இரண்டு குட்டையான நாக்குகள் இருக்கும். அவை ரிமோட்டின் உடலிலுள்ள பள்ளங்களுக்குள் நுழைந்து நிற்பவை. வளைவதில்லை, ஆகவே எளிதில் உடைவதுமில்லை. எதிர் விளிம்பில்தான் வேலை செய்யும் கொக்கி இருக்கிறது. நீங்கள் விரலால் அழுத்தும்போது அது உள்நோக்கி வளைந்து, அதன் மூக்கு எதிரிலுள்ள நாதாங்கியை விட்டு விலகுகிறது. பொறியியல் கண்ணோட்டத்தில் இது ஒரு முனை பதிந்து மறுமுனை அந்தரத்தில் நிற்கும் சட்டம். அத்தகைய சட்டத்தின் நுனியை வளைத்தால் அதன் பொருள் மிகுதியாக இழுபடுவது நுனியிலன்று, அடிவேரில். எல்லா வீடுகளிலும் எல்லா ரிமோட்டுகளிலும் கொக்கி ஒரே இடத்தில் முறிவதற்கு இதுவே காரணம்.

அடிவேர் எவ்வளவு இழுபடுகிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கொக்கியின் தடிமனையும் நுனி வளைய வேண்டிய தூரத்தையும் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஒன்றரையால் பெருக்க வேண்டும். 12 மி.மீ. நீளமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள கொக்கி 1 மி.மீ. வளைந்தால் அடிவேரில் ஏற்படும் திரிபு, அதாவது பொருள் இழுபடும் அளவு, ஏறத்தாழ 1 விழுக்காடு. அதே கொக்கியை இடம் போதவில்லை என்று 8 மி.மீ. ஆகக் குறுக்கிவிட்டால் திரிபு 2.3 விழுக்காடாக உயர்ந்துவிடும். நீளத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குதான். திரிபோ இரண்டு மடங்குக்கும் மேல். இத்தகைய உடல்களுக்குப் பெரிதும் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், ஒரு முறை மட்டும் வளைப்பதானால் சுமார் 2 விழுக்காடு வரை தாங்கும். திரும்பத் திரும்பத் திறந்து மூட வேண்டிய கொக்கியானால், அந்த எல்லையில் 60 விழுக்காட்டை, அதாவது 1.2 விழுக்காட்டைத்தான், எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களிடையே வழங்கிவரும் விதி. ஆக 12 மி.மீ. கொக்கி ஆண்டுக்கணக்கில் உழைக்கும், 8 மி.மீ. கொக்கி கடையில் வாங்கும்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கும்.

நல்ல ரிமோட்டுகளில் கொக்கி ஆங்கில யூ எழுத்தைப் போல மடிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அலங்காரத்துக்காக அப்படிச் செய்வதில்லை. சிறிய இடத்துக்குள் நீண்ட சட்டத்தை மடித்து வைக்கும் உத்தி அது. இன்னொன்றும் பாருங்கள்: அடிவேர் மூடியோடு சேரும் உள்மூலை கூர்மையாக இருக்கிறதா, வளைவாக வழிந்து சேர்கிறதா? கூர்மையான மூலையில் தகைவு, அதாவது பொருளுக்குள் உண்டாகும் உள்விசை, குவிந்து முதல் கீறல் விழும். கொக்கியின் தடிமனில் பாதியளவுக்காவது ஆரம் கொடுத்து வளைத்துவிட்டால் ஆயுள் பெரிதும் கூடும். செலவில்லாத திருத்தம் இது, ஆனாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஃபெவிக்விக் போன்ற பசைகள் இறுகியதும் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை கொண்டவை. வளைய வேண்டிய இடத்தில் அவற்றைப் போட்டால், அழுத்தும் முதல் முறையே விட்டுப்போகும். அசிட்டோனில் கரைத்த ஏபிஎஸ் குழம்பைத் தடவினால் முறிந்த இரு பரப்புகளும் கரைந்து ஒன்றாகும் என்பது உண்மைதான். ஆயினும், ஏற்கெனவே குட்டையாக அமைந்த கொக்கியின் அளவு அதனால் மாறிவிடப் போவதில்லை. உங்கள் ரப்பர் பேண்டு நல்ல தீர்வு. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். எண்ணெய்க் கையோடு ரிமோட்டை எடுக்காமலிருந்தால் இன்னும் நல்லது. இழுவையில் இருக்கும் ஏபிஎஸ் மீது எண்ணெய்ப் பசை படிந்தால் கீறல் விரைவில் பரவும்.

கேள்வி: நான் 2004இல் வாங்கிய மடிக்கணினியின் திரையில் இரண்டு கொக்கிகள் இருந்தன, பொத்தானைத் தள்ளினால்தான் திறக்கும். இப்போது வைத்திருப்பதில் கொக்கி எதுவும் இல்லை, ஆனாலும் கவிழ்த்துப் பிடித்தால் திறப்பதில்லை. இதோடு ஒரு விநோதம்: என் மனைவி தட்டச்சு செய்யும்போது சில வேளைகளில் திரை தானாகவே அணைந்துவிடுகிறது, நான் செய்யும்போது அப்படி நேர்வதில்லை.
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்)

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மனைவி காந்தக் கொளுவி வைத்த வார் உடைய கைக்கடிகாரம் அணிகிறாரா என்று பாருங்கள். ஆம் என்றால் காரணம் அதுவே.

கொக்கி மறைந்த கதை படிப்படியாக நடந்தது. ஆப்பிள் நிறுவனம் 1999இல் வெளியிட்ட ஐபுக் மடிக்கணினியில் திரைக்குத் தாழ் எதுவும் கிடையாது. கீலின் இறுக்கமே அதை மூடி வைத்திருந்தது. 2001இல் வந்த டைட்டானியம் பவர்புக்கில் கொக்கி இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. திரையின் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கொக்கியை, மூடப்போகும் தருணத்தில் கீழ்ப்பாதியிலுள்ள காந்தம் வெளியே இழுத்துக்கொள்ளும். திறந்திருக்கும்போது துருத்திக்கொண்டு நின்று சட்டையில் மாட்டாது என்பது இதன் நயம். 2006 மே மாதத்தில் வந்த மேக்புக்கில் கொக்கியும் போய்க் காந்தம் மட்டுமே எஞ்சியது. மற்ற நிறுவனங்களும் இதே வழிக்கு வந்து சேர்ந்தன.

காந்தம் இந்த வேலைக்குப் பொருந்துவதற்குக் காரணம், அதன் ஈர்ப்பு தூரத்தோடு மிக வேகமாகக் குறைவதே. மூடியிருக்கும் நிலையில் பையில் குலுங்கினாலும் பிடித்திருக்கும். விரலால் சில மி.மீ. தூக்கிவிட்டால் பிடி தளர்ந்து திரை இலேசாக எழும். தேய்வதற்கோ முறிவதற்கோ அதில் நகரும் பாகம் கிடையாது. குறையும் உண்டு: கீழே விழும்போது கொக்கி பிடித்திருக்கும் அளவுக்குக் காந்தம் பிடிக்காது. பழைய தொழில்முறை மடிக்கணினிகள் நெடுங்காலம் கொக்கியைக் கைவிடாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

திரை மூடியிருக்கிறதா என்பதைக் கணினி அறிவதும் காந்தத்தால்தான். திரைவிளிம்பிலுள்ள சிறு காந்தம் நெருங்கி வரும்போது, விசைப்பலகைக்குக் கீழே இருக்கும் உணரி அதைக் கண்டு கணினியை உறங்கச் செய்யும். எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்கும் உணரி இது. எந்தக் காந்தம் வந்தாலும் அதற்கு ஒன்றுதான். கடிகார வாரின் காந்தம் அதன்மேல் வந்து நின்றால், திரை மூடிவிட்டது என்றே முடிவு செய்யும். ஒரு மடிக்கணினிமேல் இன்னொன்றை அடுக்கி வைத்தாலும் சில வேளைகளில் இப்படி நடக்கும். கணினியில் பழுது ஏதுமில்லை. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மடிக்கணினியின் அடிப்பக்க மூடி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அழுத்தினால் ‘டக்’ என்று உட்கார்ந்து, மறுநாள் மறுபடி தூக்கிக்கொள்கிறது. டச்பேடும் முன்பைவிட இறுக்கமாக இருக்கிறது. கொக்கி தேய்ந்துவிட்டதா?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: இனி ஒரு முறைகூட அழுத்தாதீர்கள். கொக்கி தேய்ந்திருந்தால் மூடி ஒருநாள் ஆடும், மறுநாள் கழன்றுவிழும், டச்பேடு இறுகாது. உள்ளே பேட்டரி வீங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளங்களே நீங்கள் எழுதியவை. லித்தியம் பேட்டரியின் உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகும்போது, அதன் மென்மையான உறை தலையணைபோல் உப்புகிறது. அந்த அழுத்தம் மூடியின் மிகவும் பலவீனமான பிடியை, அதாவது ஒரு மூலைக் கொக்கியை, முதலில் விடுவிக்கிறது. கணினியை அணைத்துச் சார்ஜரைக் கழற்றுங்கள். மீண்டும் சார்ஜ் போட வேண்டாம். குத்தவோ கூரான எதையும் நுழைக்கவோ வேண்டாம். எரியக்கூடிய பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்து, பேட்டரி மாற்றத் தெரிந்த பழுதுநீக்குநரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய நோக்கியா 3310 கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், உடல் ஒரு பக்கமாகச் சிதறும், பொறுக்கிச் சேர்த்தால் பேசும். இப்போதைய கைப்பேசிகளில் பின்பக்கத்தைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். தண்ணீர் புகாமலிருக்க என்கிறார்கள். அது உண்மையா, நாம் திறக்கக் கூடாது என்பதற்காகவா?
(அச்சக உரிமையாளர், சிவகாசி)

பதில்: இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை, ஆனால் தண்ணீர்க் காரணத்தை அதன் தகுதிக்கு மீறி விற்றுவிட்டார்கள் என்பதே என் கருத்து.

2000ஆம் ஆண்டில் வந்த 3310இன் மேலுறைகளைக் கருவியின்றியே மாற்ற முடிந்தது. விருப்பமான நிறத்தில் உறை மாற்றிக்கொள்வது அன்று அந்த நிறுவனத்தின் பெரிய விளம்பரமாகவே இருந்தது. மூடி எளிதாகக் கழல்வது வணிகத்துக்கு உதவியது. 133 கிராம் எடையுள்ள அந்தப் பேசி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதனிடம் இருக்கும் ஆற்றல் 1.3 ஜூல் அளவு. மூடி கழன்று ஓடுவதிலும் பேட்டரி தனியே தெறிப்பதிலும் அந்த ஆற்றலில் ஒரு பங்கு கழிந்துவிடும். அதைவிட முக்கியமானது, கனமான பேட்டரி உள்ளேயே இருந்து சுற்றுப்பலகையின்மீது மோதாமல் வெளியேறிவிடுவது. இது திட்டமிட்டுச் செய்ததா, தானாக அமைந்ததா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. சிதறியது நன்மையாக முடிந்தது என்பது மட்டும் தெளிவு.

தண்ணீர்க் கதைக்கு வருவோம். கொக்கியால் மூடும் மூடியில் தண்ணீரைத் தடுப்பது கடினம் என்பது உண்மை. நீர்த்தடுப்புக்கு மூடிக்கும் உடலுக்கும் இடையில் ரப்பர் வளையம் வேண்டும். அது சுற்றளவு முழுவதும் ஒரே சீராக அழுந்தியிருக்க வேண்டும். கொக்கியோ தான் இருக்கும் புள்ளியில் மட்டும் பிடிக்கும். இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மெல்லிய மூடி இம்மியளவு உப்பி நிற்கும். அந்த இம்மி தண்ணீருக்குப் போதும். ஆகவே கொக்கிகளை நெருக்கமாக வைக்க வேண்டியிருக்கிறது. கொக்கிகள் கூடினால் திறப்பது கடினமாகிறது. பசையோ சுற்றளவு முழுவதும் ஒரே கோடாகப் பிடிக்கும், இடமும் அடைக்காது.

ஆனால் கடினம் என்பது முடியாது என்பதாகாது. சாம்சங் 2014இல் வெளியிட்ட கேலக்ஸி எஸ்5இன் பின்மூடியை நகத்தால் கழற்றலாம், பேட்டரியை மாற்றலாம். அதற்கு ஐபி67 தகுதியும் இருந்தது, அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். மூடியின் உட்புறத்தில் பேட்டரியைச் சுற்றி ரப்பர் வளையம் ஓடியது. சுற்றிலும் வரிசையாகக் கொக்கிகள். மூடி சரியாக அழுந்தியிருக்கிறதா பாருங்கள் என்று அந்தக் கைப்பேசியே நினைவூட்டவும் செய்தது. மறு ஆண்டு வந்த எஸ்6இன் பின்பக்கம் ஒட்டப்பட்ட கண்ணாடி. அதற்கு நீர்த்தடுப்புத் தகுதி எதுவும் வழங்கப்படவில்லை. அதாவது, கழற்றக்கூடிய மூடி போனது முதலில். அடுத்த ஆண்டு எஸ்7இல்தான் நீர்த்தடுப்பு திரும்பி வந்தது. மூடியைக் கைவிடத் தண்ணீர் மட்டுமே காரணம் என்றால் இந்த வரிசை பொருந்தவில்லை. மெலிவு, கண்ணாடியின் பளபளப்பு, கழற்றும் மூடிக்குத் தேவைப்படும் இரட்டைச் சுவர் மிச்சமாவது ஆகியவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. பேட்டரி தளர்ந்ததும் புதுப் பேசி வாங்குவோர் கூடுவது எந்த நிறுவனத்துக்கும் கசக்கும் செய்தியன்று. அதே சாம்சங் 2022இல் வெளியிட்ட எக்ஸ்கவர்6 புரோவில் கழற்றும் பேட்டரியும் ஐபி68 நீர்த்தடுப்புத் தகுதியும் சேர்ந்தே இருக்கின்றன. அது களப்பணியாளர்களுக்கான தடித்த பேசி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டத்தால் தீர்க்கப் பார்க்கிறது. 2023இல் இயற்றப்பட்ட பேட்டரி விதியின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கடையில் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு எடுத்து மாற்ற முடிய வேண்டும். அதற்குச் சூடேற்றலோ கரைப்பானோ தேவைப்படக் கூடாது. பசையை இளக்கச் சூடேற்றித்தான் திறக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை நேராகக் குறிவைத்த சொற்கள் இவை. கைப்பேசிகளுக்கென்றே 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த மற்றொரு விதி ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: 500 முறை முழுதாகச் சார்ஜ் செய்த பின் 83 விழுக்காடும் 1000 முறைக்குப் பின் 80 விழுக்காடும் கொள்ளளவு மிஞ்சும் பேட்டரியும், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் உடலும் இருந்தால், பேட்டரி மாற்றத்தைத் தொழில்முறைப் பழுதுநீக்குநரிடம் விட்டுவிடலாம். விலை உயர்ந்த பேசிகள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகவே போகும் என்று எதிர்பார்க்கிறேன். நகத்தால் திறக்கும் மூடி எல்லாப் பேசிகளுக்கும் திரும்பிவிடும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: கடலில் படம் எடுக்கச் சிறு கேமராவுக்கு நீர்ப்புகா உறை வாங்கினேன். அதன் மேலுள்ள தாழை மடக்கும்போது பாதி வழியில் மிகவும் இறுகி, பிறகு சட்டென்று படிந்துவிடுகிறது. பழுதா? உறையை எப்படிச் சோதிப்பது?
(படகோட்டி, ராமேசுவரம்)

பதில்: பழுதில்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். அடுக்கு டிபன் கேரியரின் பக்கவாட்டுக் கொளுவியை மடக்கும்போதும் இதே இறுக்கத்தையும் இதே படிதலையும் உணர்ந்திருப்பீர்கள். தாழின் இழுவைக்கோடு அது சுழலும் அச்சைக் கடந்து மறுபுறம் போகும்வரை நீங்கள் ரப்பர் வளையத்தை அமுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். கடந்துவிட்ட பின், அதே வளையம் திருப்பித் தள்ளும் விசை தாழைத் திறக்காமல் மேலும் மூடவே செய்கிறது. உள்ளிருந்து எவ்வளவு தள்ளினாலும் தானாகத் திறக்காது; விரலால் தூக்கினால் மட்டும் திறக்கும்.

உறை ஒழுகுவது பெரும்பாலும் தாழின் குற்றமாக இருப்பதில்லை. வளையத்தின்மேல் கிடக்கும் ஒற்றை மயிரோ மணல் துகளோ போதும். வளையத்தைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, விரலால் தடவிப் பார்த்து, கையேட்டில் சிலிக்கோன் கிரீஸ் சொல்லப்பட்டிருந்தால் மிக மெல்லியதாகப் பூசுங்கள். கேமராவை வைக்காமல் உலர்ந்த மெல்லிய தாளை மடித்து உள்ளே வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் கல்லைக் கட்டி அமிழ்த்துங்கள். தாளில் ஈரம் இல்லையென்றால் கேமராவை நம்பி வைக்கலாம். கடலிலிருந்து வந்ததும் தாழைத் திறப்பதற்கு முன்பே நன்னீரில் ஊற வைத்துவிடுங்கள்; உப்பு காய்ந்து கீலில் படிந்தால் அடுத்த முறை தாழ் முழுமையாகப் படியாது.

கேள்வி: கேமராவின் பேட்டரிக் கதவைத் திறக்க முதலில் ஒரு பக்கம் தள்ளி, பிறகு தூக்க வேண்டும்; உள்ளே பேட்டரியை இன்னொரு சிறு நாக்கு பிடித்திருக்கிறது. பேரனின் விளையாட்டுப் பொருளில் பட்டன் பேட்டரி இருக்கும் மூடியில் திருகாணியே போட்டிருக்கிறார்கள். ஒரு மூடிக்கு இத்தனை தொல்லை எதற்கு?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, கோயம்புத்தூர்)

பதில்: கேமராவில் அந்தத் தொல்லை உங்கள் படங்களுக்காக. படச்சுருள் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. பெண்டாக்ஸ் கே1000 போன்ற கேமராக்களில் சுருளைத் திரும்பச் சுற்றும் குமிழை மேலே இழுத்தால்தான் பின்கதவு திறக்கும். தவறிப்போய்த் திறந்தால் எடுத்த படங்களெல்லாம் வெளிச்சம் பட்டுப் போய்விடும் என்பதால், தற்செயலாகக் கை படும் இடத்தில் தாழை வைக்கவில்லை. இன்றைய கேமராவில் கதவு திறந்தால் பேட்டரி தொடர்பு அறுந்து, அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும் படம் கெடலாம். உள்ளேயிருக்கும் சிறு நாக்கு, கதவு திறந்த கணமே பேட்டரி தரையில் விழாமல் பிடித்துக்கொள்கிறது.

பேரனின் பொம்மையில் இருப்பது உயிர் காக்கும் திருகாணி. அதைத் தொலைத்துவிட்டு டேப் ஒட்டி வைக்க ஒருபோதும் இணங்காதீர்கள். 20 மி.மீ. விட்டமுள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் ஏற்படலாம். விழுங்கியிருப்பான் என்ற ஐயம் எழுந்தாலே, காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதனால்தான் அமெரிக்காவில் 2022இல் இயற்றப்பட்ட ரீஸ் சட்டத்தையொட்டிய விதிகள், பட்டன் பேட்டரி இருக்கும் மூடி ஏதேனும் ஒரு கருவியால் திறக்கப்பட வேண்டும், அல்லது ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய குறைந்தது இரண்டு தனித்தனிக் கையசைவுகளால் திறக்கப்பட வேண்டும் என்கின்றன. அழுத்திக்கொண்டே தள்ளுவது பெரியவர்களுக்குச் சாதாரணம். சிறு குழந்தைக்கு அந்த இரண்டையும் ஒருங்கிணைப்பது எளிதன்று.

கேள்வி: தூசி துடைப்பதற்காக மடிக்கணினியைத் திறக்க நினைக்கிறேன். திருகாணிகளை எடுத்த பின்னும் மூடி வருவதில்லை. இன்னும் இழுத்தால் உடைந்துவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது.
(கணக்காளர், மதுரை)

பதில்: வரவில்லை என்றால் பெரும்பாலும் இன்னொரு திருகாணி மிச்சமிருக்கிறது. ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஒட்டுத்தாளுக்கு அடியிலும் தடவிப் பாருங்கள். திருகாணிகளின் நீளம் வேறுபடும். நீளமானதைக் குட்டையான இடத்தில் திருகினால் மேல்பக்கம் துளைத்துக்கொண்டு வரும். ஆகவே மூடியின் உருவத்தை ஒரு தாளில் வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

பிறகு கிதார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லையை இடுக்கில் செருகி, பலவற்றில் கீலின் அருகே இருக்கும் அகன்ற இடைவெளியிலிருந்து தொடங்குங்கள். கொக்கியை மேலே நெம்புவதைவிட, வில்லையை விளிம்பின் வழியே நகர்த்திக்கொண்டு போனால் அது ஒவ்வொரு கொக்கியையும் பக்கவாட்டில் தள்ளி விடுவிக்கும். ‘டிக்’ என்ற ஒலி கொக்கி விடுபட்டதைச் சொல்வது. அதற்குப் பயப்பட வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் முனையை மட்டும் நுழைக்காதீர்கள்: விளிம்பும் கெடும், உள்ளே பேட்டரியையோ சுற்றுப்பலகையையோ தொட்டால் ஆபத்தும் நேரும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே எடுத்துத் திறக்காமல் சற்று நேரம் வெளியில் வைத்தால் பிளாஸ்டிக்கின் நொறுங்கும் தன்மை குறையும்.

கேள்வி: இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்காகக் கையில் பிடிக்கும் மண் ஈர அளவி ஒன்றைச் செய்கிறோம். முப்பரிமாண அச்சில் பெட்டி அடித்தோம். மூடியின் கொக்கிகள் நான்கில் மூன்று முதல் நாளே ஒடிந்துவிட்டன. கடையில் வாங்கும் பெட்டிகளில் கொக்கிக்கு நேர் கீழே ஒரு சிறு செவ்வகத் துளை இருக்கிறதே, அது எதற்கு? நாங்களும் வைக்க வேண்டுமா?
(பொறியியல் மாணவியர், தஞ்சாவூர்)

பதில்: துளையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு அது தேவையில்லை. உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் செலுத்திப் பெட்டி செய்யும்போது, இறுகிய பின் அச்சின் இரு பாதிகளும் நேர்கோட்டில் விலக வேண்டும். கொக்கியின் மூக்குக்கு அடியிலுள்ள குழிவான பகுதி அதற்குத் தடையாக நிற்கும். அந்த மூக்குக்கு நேர் கீழே மூடியில் துளை விட்டால், மறுபாதி அச்சின் ஒரு பகுதி அதன் வழியாக ஏறி வந்து மூக்கின் அடிப்பரப்பை உருவாக்கிவிட்டு நேராகத் திரும்பிவிடும். பக்கவாட்டில் நகரும் கூடுதல் அச்சுப் பாகத்தின் செலவு மிச்சம். உங்கள் அச்சு இயந்திரம் அடுக்கடுக்காகக் கட்டுவதால் இந்தச் சிக்கலே இல்லை. வீணாகத் துளை விட்டால் மண்ணும் ஈரமும்தான் உள்ளே போகும்.

கொக்கி ஒடிந்ததற்குக் காரணம் அநேகமாக அச்சடித்த திசை. பெட்டியை நிமிர்த்தி வைத்து அச்சடித்திருந்தால், செங்குத்தாக நிற்கும் கொக்கியில் அடுக்குகள் குறுக்காக அமைந்திருக்கும். வளைக்கும்போது அடிவேரில் ஏற்படும் இழுவை ஓர் அடுக்கை அடுத்த அடுக்கிலிருந்து பிரிக்கிறது. அடுக்குகளின் ஒட்டு, இழையின் வலிமைக்கு ஈடாகாது. கொக்கிகளைத் தனிப் பாகமாகப் படுக்க வைத்து அச்சடித்து மூடியில் செருகி ஒட்டுங்கள்; இழைகள் கொக்கியின் நீளவாக்கில் ஓட வேண்டும் என்பதே குறி.

அளவுகளுக்கு நாகர்கோவில் வாசகிக்குச் சொன்ன கணக்கையே பயன்படுத்துங்கள். அதோடு, கொக்கியின் தடிமனை அடியிலிருந்து நுனிவரை படிப்படியாகக் குறைத்துப் பாதியாக்கினால், அதே திரிபுக்கு நுனி ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாக வளையும். மூடும்போது வழுக்கி ஏறும் முகத்துக்கு 25 முதல் 30 பாகை சாய்வு கொடுங்கள். திறக்கும் முகத்துக்கு 45 பாகை கொடுத்தால் கையால் இழுத்துத் திறக்கலாம். 90 பாகை வைத்தால் விரலால் கொக்கியைத் தள்ளினால்தான் வரும். பேட்டரி மாற்ற வேண்டிய பக்கத்துக்கு 45, திறக்கத் தேவையில்லாத பக்கத்துக்கு 90 என்று பிரித்துக்கொள்ளலாம்.

மூடிய நிலையில் கொக்கி எதன்மீதும் அழுந்தாமல் ஓய்வாக நிற்க வேண்டும். வளைந்தபடியே மாதக்கணக்கில் நிற்கும் பிளாஸ்டிக் மெல்லத் தளர்ந்து அந்த வளைவையே தன் வடிவமாக்கிக்கொள்ளும். பிறகு மூடி தொளதொளத்துவிடும். இறுக்கமாக இருக்கட்டும் என்று ஆரம்பத்திலேயே வளைத்து வைக்கும் பழக்கம் மாணவர்களிடம் மட்டுமின்றி, அனுபவம் உள்ளவர்களிடமும் காண்கிறேன். இறுக்கம் வேண்டுமானால் அதை ரப்பர் வளையத்திடம் கேளுங்கள்.

பொருளைப் பொறுத்தவரை, முப்பரிமாண அச்சில் பெரிதும் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இந்த வேலைக்கு ஏற்றதன்று. அது எளிதில் நொறுங்கும். 60 பாகை செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும், வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையில் வைத்தாலே கோணிவிடும். வயலில் பயன்படும் கருவிக்குப் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் அல்லது நைலான் பொருத்தம். நைலானை எடுத்தால் அச்சடித்த உடனே வளைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். உலர்ந்த நைலான் விறைப்பானது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகே அதற்குரிய மீள்தன்மை வரும். ஓர் இரவு தண்ணீரில் போட்டு வைத்து, மறுநாள் துடைத்துவிட்டு மூடியைப் பொருத்துங்கள்.